செத்த நேரத்தை எழுதுவது யார்?

விருதுநகரில் ரயில் ஏறினால் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி என்று கரிசலும் சீமைக்கருவேலமுமாகப் போய் மானாமதுரையில் இறங்கலாம். அந்த மானாமதுரையில் 1952 ஆகஸ்ட் 29 அன்று, சென்னையிலிருந்து தனுஷ்கோடி போய்க்கொண்டிருந்த போட் மெயிலில் நாற்றம் தாங்காமல் பயணிகள் கூச்சல் போட்டார்கள். இருக்கைக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி. திறந்தால் தலையில்லாத உடல். முதல் நாள் சென்னையில் காணாமல் போன ஆளவந்தார் என்பவரின் உடல் அது என்று பிறகு தெரியவந்தது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் தடயவியல் மருத்துவர் சி. பி. கோபாலகிருஷ்ணன் இரண்டையும் சேர்த்து வைத்து ஆராய்ந்து, இரண்டும் ஒரே ஆளுடையவை என்று நிறுவினார். அடுத்த வருடமே வழக்கு முடிந்தது. பிரபாகர மேனனுக்கு ஏழு வருடம், தேவகிக்கு மூன்று வருடம் தண்டனை. தமிழ்நாட்டுத் தடயவியல் வரலாறு என்று யார் பேச ஆரம்பித்தாலும் இந்தப் பெட்டியில்தான் ஆரம்பிப்பார்கள்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த நாற்றம். ஒரே ஒரு நாள்தான் ஆகியிருந்தது. மூடிய இரும்புப் பெட்டி, ஆகஸ்ட் மாதச் சூடு, வயிற்றுக்குள் இருக்கிற பாக்டீரியா. இவை மூன்றும் சேர்ந்து ஒரு கொலையைக் காட்டிக் கொடுத்தன. உயிரோடு இருக்கும்வரை குடலுக்குள் அடங்கிக் கிடக்கிற கிருமிகள், மூச்சு நின்றதும் குடல் சுவரைத் தாண்டி ரத்தக் குழாய்கள் வழியாக உடம்பெங்கும் பரவுகின்றன. அவை உண்டாக்கும் வாயுவால்தான் வயிறு ஊதுகிறது, தோல் நிறம் மாறுகிறது. வலது பக்க அடிவயிற்றில் முதலில் ஒரு பச்சைத் திட்டு தெரியும். நம் ஊர்க் கோடையில் அது 12 மணி முதல் 18 மணி நேரத்துக்குள் வந்துவிடும், குளிர்காலத்தில் ஒன்றிரண்டு நாள் ஆகும் என்று இந்தியப் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன.

அதே ராமநாதபுரம் மாவட்டம். அப்போது அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் மானாமதுரையும் பரமக்குடியும் ஒரே மாவட்டம்தான். ஐந்தே வருடத்தில், 1957 செப்டம்பர் 11 இரவு, பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். அதையொட்டி நடந்த கலவரத்தில் செத்தவர்களின் எண்ணிக்கையே இன்றுவரை புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. எண்ணிக்கையிலேயே உடன்பாடு இல்லாத இடத்தில், ஒவ்வொருவரும் எத்தனை மணிக்குச் செத்தார் என்று யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? ஒரு பெட்டிக்குள் இருந்த உடலுக்குச் சென்னை மருத்துவக் கல்லூரி வந்தது. முள்ளுக்காட்டில் கிடந்த உடல்களுக்கு என்ன வந்தது என்பதுதான் தலித் வரலாறு எழுதுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி.

செத்த நேரத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு? சட்டக் கல்லூரித் தோழர்களுக்குத் தெரியும். 'கடைசியாக ஒன்றாகப் பார்க்கப்பட்டார்கள்' என்கிற சாட்சியம் நிற்க வேண்டுமானால், பார்த்த நேரத்துக்கும் செத்த நேரத்துக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருக்க வேண்டும், இடையில் வேறு யாரும் வந்திருக்க வாய்ப்பிருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005இல் சதீஷ் வழக்கில் சொன்னது. ஆறு மணி நேரம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்தால் கொலைகாரர் வெளியூரில் இருந்ததாக ஆகிவிடும். பொய் வழக்கில் மாட்டிய நம் பையன் உள்ளே போய்விடுவான். இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி இது.

பூச்சியை வைத்துக் கொலையைக் கண்டுபிடித்த முதல் பதிவு ஒரு விவசாயக் கிராமத்திலிருந்து வருகிறது. சீனாவில் சாங் ட்சு என்ற நீதி அதிகாரி 1247இல் எழுதிய பிண விசாரணைக் கையேட்டில் அது இருக்கிறது. ஒருவர் அரிவாளால் வெட்டிக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். பின்னணியில் ஒரு கடன் தகராறு. விசாரிக்க வந்த அதிகாரி, ஊரில் உள்ள எல்லோரையும் அவரவர் அரிவாளைக் கொண்டுவந்து தரையில் வைக்கச் சொல்கிறார். வெயில் நேரம். ஒரே ஒரு அரிவாளில் மட்டும் ஈ மொய்க்கிறது. கழுவித்தான் வைத்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் ஈயின் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. அரிவாளுக்கு உரியவன் ஒப்புக்கொண்டான். கருது அறுக்கிற அரிவாளே ஆயுதமாகவும் மாறுகிற ஊர்களில் இருந்து வருகிற நமக்கு இது ஏதோ தூர தேசத்துக் கதையாகத் தோன்றாது.

ஐரோப்பாவில் இது வழக்கு மன்றத்துக்கு வர இன்னும் அறுநூறு வருடம் ஆனது. பிரான்சில் ஆர்புவா என்ற ஊரில் 1850இல் ஒரு வீட்டைப் பழுது பார்க்கும்போது கணப்படுப்புச் சுவருக்குப் பின்னால் காய்ந்துபோன குழந்தையின் உடல் கிடைத்தது. குடியிருந்த தம்பதியர் மேல் சந்தேகம். மருத்துவர் பெர்ழெரே உடலில் இருந்த கூட்டுப்புழுக்களையும் புழுக்களையும் பார்த்து, குழந்தை 1848இலேயே செத்திருக்க வேண்டும், ஆகவே இவர்கள் குடிவருவதற்கு முன்பே நடந்தது என்றார். அவர்கள் மேல் இருந்த பழி போனது. பூச்சிகளின் வாழ்க்கைச் சுற்று பற்றி அவர் வைத்திருந்த கணக்கு இன்றைய அறிவுப்படி தவறானது என்பது வேறு விஷயம். ஆனால் இந்த அறிவியல் ஐரோப்பாவில் நுழைந்ததே குற்றமில்லாதவர்களை விடுவித்துக்கொண்டுதான். இதைச் சட்டம் படிக்கிற தோழர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ராணுவத்தில் கால்நடை மருத்துவராக இருந்த மெக்னான் 1894இல் ஒரு புத்தகம் எழுதினார். திறந்த வெளியில் கிடக்கும் உடலுக்குப் பூச்சிகள் எட்டு அலைகளாக, ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன என்று வரிசைப்படுத்தினார். முதலில் ஈக்கள், கடைசியில் காய்ந்த தோலையும் முடியையும் தின்கிற வண்டுகள்.

பிறகு 1935. பம்பாயில் பிறந்த பார்சி மருத்துவர் பக் ரக்ஸ்டன் இங்கிலாந்தின் லங்காஸ்டரில் தன் துணைவியையும் வீட்டு வேலை செய்த இளம்பெண்ணையும் கொன்று, உடல்களைத் துண்டாக்கி ஸ்காட்லாந்தில் ஒரு ஓடையில் வீசினார். செப்டம்பர் 29 அன்று துண்டுகள் கிடைத்தன. அவற்றில் இருந்த புழுக்களை கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மியர்ன்ஸ் ஆராய்ந்து, 12 முதல் 14 நாள் வயதுள்ள புழுக்கள் என்றார். பெண்கள் காணாமல் போன நாளோடு அது பொருந்தியது. 1936 மே 12 அன்று ரக்ஸ்டன் தூக்கிலிடப்பட்டார். வேலைக்காரப் பெண்ணின் கொலையும் அதே அக்கறையோடு விசாரிக்கப்பட்டது என்பதால் இதை எழுதுகிறேன்.

புழு எப்படி மணி சொல்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நீலப்பச்சையாக மினுங்குகிற பெரிய ஈ, நம் பகுதியில் கிரைசோமியா வகை, உடல் திறந்த வெளியில் கிடந்தால் சில நிமிடங்களிலேயே வந்துவிடும். கண், மூக்கு, வாய், வெட்டுக்காயம் போன்ற ஈரமான இடங்களில் முட்டையிடும். முட்டை ஒரு நாளுக்குள் பொரியும். புழு மூன்று கட்டமாக வளர்ந்து, தின்று முடித்ததும் உடலை விட்டு நகர்ந்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். அதிலிருந்து ஈ வரும். புழுவின் உடம்புக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது என்பதால், வெளிச்சூடு எவ்வளவோ அவ்வளவு வேகத்தில் வளரும். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: ஒரு கட்டத்தை எட்ட, 10 டிகிரிக்கு மேல் கிடைக்கிற சூடு மொத்தம் 2,000 டிகிரி-மணி தேவை என்று வைத்துக்கொள்வோம். காற்று 30 டிகிரியில் இருந்தால் மணிக்கு 20 சேரும், 100 மணி நேரத்தில் முடியும். 20 டிகிரி என்றால் 200 மணி நேரம் ஆகும். அதாவது ஒரே அளவுள்ள புழு, கொடைக்கானலில் ஒரு நேரம் சொல்லும், திருச்சுழியில் வேறு நேரம் சொல்லும். சித்திரை வெயிலில் கரிசல் மண்ணின் மேல் கிடந்த உடலுக்கு லண்டன் அட்டவணையைப் போட்டால் நாள் கணக்கில் தப்பு வரும்.

உடல் குளிர்வதை வைத்து நேரம் சொல்கிற முறைக்கும் இதே கதிதான். சாகும்போது உடல் 37 டிகிரி. வெளியே 38, 39 அடிக்கிறது. அந்த உடல் எங்கே குளிரும்? வெப்பமானி வைத்துப் பார்க்கிற கணக்கெல்லாம் குளிர் நாடுகளில் உருவானது. வானம் பார்த்த பூமியில், பகலில் செத்தவருக்கு அது ஏறக்குறைய ஒன்றுமே சொல்லாது. அப்போது மிச்சம் இருப்பது கிருமியும் பூச்சியும்தான்.

பெரும்பாலான ஈக்கள் இருட்டில் முட்டையிடுவதில்லை என்பதும் நமக்குத் தேவைப்படும். இரவு பத்து மணிக்குக் கொன்றால், முட்டைக் கணக்கு மறுநாள் விடியலில்தான் தொடங்கும். புழு சொல்வது ஈ வந்த நேரத்தை. அதற்கு எவ்வளவு முன்னால் உயிர் போனது என்பதை வேறு தடயம்தான் சொல்ல வேண்டும். உடலைப் போர்த்தியிருந்தாலோ, பூட்டிய அறையில் வைத்திருந்தாலோ, தண்ணீருக்குள் இருந்தாலோ இடைவெளி இன்னும் கூடும்.

தண்ணீர் என்றதும் நம் பக்கத்துக் கிணறுகள் நினைவுக்கு வரும். மானாவாரி நிலத்தில் கைவிடப்பட்ட கமலைக் கிணறு, கண்மாய், ஊரணி. சாதி மாறிக் காதலித்த பெண்ணின் உடல் கிணற்றில் கிடந்தால் 'வயிற்று வலி தாங்காமல் விழுந்துவிட்டாள்' என்று புகார் எழுதப்படுவதை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். பெர்லின் மருத்துவர் காஸ்பர் பெயரில் ஒரு பழைய விதி உண்டு. காற்றில் ஒரு வாரத்தில் அழுகுவது, தண்ணீரில் இரண்டு வாரமும் மண்ணுக்குள் எட்டு வாரமும் எடுக்கும் என்பது அது. தோராயமான விதிதான். ஆனால் தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும்வரை ஈ வராது, ஊதி மிதந்த பிறகுதான் வரும் என்பது உறுதி. கிணற்றிலிருந்து எடுத்த உடலின் மூக்கில் முதிர்ந்த புழு இருக்கிறது, மிதந்ததோ இன்று காலைதான் என்றால், அந்த உடல் தண்ணீருக்கு வெளியே சில நாள் கிடந்திருக்கிறது. தற்கொலை என்கிற கதை அங்கேயே உடையும். அதனால்தான் புழுவைக் கழுவி விடுவதற்கு முன் யாராவது பார்த்தார்களா, எடுத்து வைத்தார்களா என்பது பெரிய கேள்வி.

ரயில் தண்டவாளமும் அப்படித்தான். தண்டவாளத்தில் உடல் கிடந்தால் ரயில் கடந்த நேரமே செத்த நேரமாக எழுதப்பட்டுவிடும் ஆபத்து உண்டு. ரயில் ஓட்டுநரின் குறிப்பேடு கடிகாரமாகிவிடும். 2013 ஜூலை 4 அன்று தருமபுரியில் இளவரசனின் உடல் தண்டவாளத்தின் ஓரம் கிடந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டு எய்ம்ஸ் மருத்துவர்களை வரவழைத்து மறு உடற்கூறாய்வு செய்ய வைத்தது. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு கோயிலில் இருந்து அழைத்துச் செல்லப்பட்ட கோகுல்ராஜின் உடல் மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில், தலை துண்டாகிக் கிடந்தது. தற்கொலை என்று முடித்திருக்கலாம். கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவும் உடற்கூறாய்வும் சேர்ந்துதான் அதைக் கொலை வழக்காக நிறுத்தின. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்குத் தண்டனை கொடுத்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

2016 செப்டம்பர் 18 அன்று புழல் சிறையில் ராம்குமார் இறந்தபோது, தங்கள் தரப்பு மருத்துவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்று தந்தை கேட்டார். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொல்ல, மூன்றாம் நீதிபதியிடம் போய், எய்ம்ஸ் மருத்துவர் வந்து, உடற்கூறாய்வு நடந்தது அக்டோபர் 1 அன்று. பதின்மூன்று நாள் குளிர்பெட்டியில். 'பிணத்தை வைத்து அரசியல் செய்கிறார்கள்' என்று நம்மைத் திட்டுகிறவர்கள், நம்பிக்கையான ஒரு மருத்துவரை முதல் நாளே கொடுத்திருந்தால் அந்தப் பதின்மூன்று நாளும் தேவைப்பட்டிருக்காது என்பதைப் பேசுவதில்லை.

இப்போது உடலைத் தொடுகிறவர் யார் என்பதற்கு வருவோம். கிணற்றில் ஊதிக் கிடக்கும் உடலைத் தூக்கச் சேரியிலிருந்துதான் ஆள் கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டியான், தோட்டி. இப்போது துப்புரவுப் பணியாளர். பிணவறையில் அறுத்துத் திறப்பதும் தைப்பதும் பல இடங்களில் அவர்தான், மருத்துவர் தள்ளி நின்று குறிப்பெழுதுவார். முப்பது வருடம் அந்த அறையில் நின்றவருக்கு நாற்றத்தை வைத்தே எத்தனை நாள் உடல் என்று சொல்லத் தெரியும். எந்தப் புழு முதலில் வரும், எது பிறகு வரும் என்பதும் தெரியும். மெக்னான் புத்தகம் போட்ட அறிவு அவர் கையில் இருக்கிறது. ஆனால் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, இன்றைய சட்டத்தில் 39, சொல்கிற 'தனித் திறன் பெற்றவர்' என்ற வரையறைக்குள் அவரை யாரும் கூண்டில் ஏற்றியதில்லை. ஈரத் தொழில் நமக்கு, கையெழுத்து அவர்களுக்கு.

கையெழுத்து என்றால் பிண விசாரணை நினைவுக்கு வருகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174ஆம் பிரிவின்படி, சந்தேக மரணம் என்றால் காவல் அதிகாரி அந்த அக்கம்பக்கத்தில் வசிக்கும் 'மரியாதைக்குரிய' இரண்டு பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் முன்னிலையில் உடலைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். மரியாதைக்குரியவர் என்று ஊரில் யாரைச் சொல்வார்கள்? டீக்கடையில் தனிக் குவளை வைத்தவரைத்தான். வெள்ளைக்காரன் எழுதிய அந்தச் சொல், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 194ஆம் பிரிவிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஒரு வழக்குக்காக நான் வாசித்த அப்படி ஓர் அறிக்கையில் 'உடலில் புழு நெளிந்தது' என்று ஒற்றை வரி இருந்தது. எவ்வளவு நீளம், உடலில் எந்த இடத்தில், அன்றைய வெயில் என்ன, எதுவும் இல்லை.

உலகம் எங்கோ போய்விட்டது. அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகத்தில் 1980களின் தொடக்கத்திலேயே வில்லியம் பாஸ், தானமாக வந்த உடல்களைத் திறந்த வெளியில் கிடத்தி அழுகுவதை நாள்தோறும் பதிவு செய்ய ஒரு நிலத்தை ஒதுக்கினார். ஜெசிகா மெட்காஃப் குழு 2024இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வேறு வேறு இடங்களில் 36 உடல்களை வைத்து, மண்ணிலும் தோலிலும் மாறுகிற கிருமிக் கூட்டத்தைப் படித்தார்கள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே இருபது வகைக் கிருமிகள் ஒரே வரிசையில் வேலை செய்கின்றன, அதை வைத்து மூன்று நாள் முன்பின்னாகச் செத்த நேரத்தைச் சொல்ல முடிகிறது என்றார்கள். அந்தக் கிருமிகளைச் சுமந்து வருவதில் பூச்சிகளுக்கும் பங்கு இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். மூன்று இடமும் அமெரிக்காவில்தான். இந்தியாவில் பாட்டியாலாவில் பஞ்சாபி பல்கலைக்கழகத்தின் மீனாட்சி பார்தி, தேவிந்தர் சிங் போன்றவர்கள் முயல் உடல்களை வைத்துப் பூச்சிகள் வரும் வரிசையை 2000களின் தொடக்கத்திலேயே பதிவு செய்தார்கள். பஞ்சாபின் பனிக்காலம் வேறு, அருப்புக்கோட்டையின் மாசி மாதம் வேறு. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவிட்டது. கரிசலில், கருவேலங்காட்டில், வற்றிய கிணற்றில் எந்த ஈ எத்தனை மணியில் வருகிறது என்று படிக்கப் பூச்சியியல் படிக்கிற நம் பிள்ளைகளே போதும். இரண்டு வருடம், சில கோழி, பன்றி உடல்கள், ஒரு வெப்பமானி. இதை ஆய்வுத் தலைப்பாக எடுக்க யாராவது முன்வந்தால் எனக்கு எழுதுங்கள்.

புதிய சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழு வருடம் அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் இடத்துக்கே வர வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை ஐந்து வருடத்துக்குள் கொண்டுவந்தால் போதும். இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. குற்றம் என்று பதிவானால்தான் நிபுணர் வருவார். நம் சாவுகள் முதலில் 'சந்தேக மரணம்' என்று 194இல்தான் பதிவாகின்றன. நிபுணர் வராத அந்த முதல் இரண்டு மூன்று நாளில்தான் புழு கூட்டுக்குள் போகிறது, உடல் எரிக்கப்படுகிறது. ஆகவே புகார் எழுதும்போதே வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளோடு கொலை என்று எழுதுங்கள். உடலைப் புதைக்க வேண்டும், எரிக்கக் கூடாது என்று குடும்பத்திடம் பேசுங்கள். கிடந்த இடத்தைத் தூரத்திலிருந்தும் அருகிலிருந்தும் நேரம் தெரியும்படி படம் எடுங்கள், கீழே உள்ள மண்ணை யாரும் மிதிக்க விடாதீர்கள். புழுக்களில் பாதியை வெந்நீரில் போட்டுச் சாராயத்தில் பாதுகாத்து, மீதியை உயிரோடு வளர்க்க எடுக்க வேண்டும், ஈயாக வெளிவந்தால்தான் வகை உறுதியாகும் என்று விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நீங்களே எடுக்காதீர்கள், தடயத்தைக் கலைத்ததாகத் திருப்பிவிடுவார்கள். கிடந்த இடத்தில் அடுத்த நான்கைந்து நாள் வெப்பத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். வானிலை நிலையத்துக் கணக்கு முள்ளுக்காட்டு நிழலுக்குப் பொருந்தாது.